ஐந்தாம் மாடிக்கு ஒரு பிராம்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உனக்கு வாந்தி நின்றதா, மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை எப்படிப் போகிறது என்று எழுது. போனில் சொல்லாதே. லிப்ட் மெஷின் ரூம்களில் நாற்பது வருஷம் இரைச்சல் கேட்ட காது இது. உன் அம்மா நாள் முழுக்க உன்னோடு பேசுகிறாள், அதில் கால்வாசிகூட எனக்கு வந்து சேருவதில்லை.

பொருள்: குழந்தைக்குப் பிராம் வாங்குவது குறித்து.

மகளுக்கு எழுதும் கடிதத்திலும் பொருள் போடுகிறீர்களே என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் பொருள் உண்டு, நகல் உண்டு.

நீங்கள் பிராம் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு நானும் இங்கே ஒரு கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் என் ரத்தக் கொதிப்புக்கு நல்லது. கடைக்காரர் மூன்று சக்கரம் வைத்த ஒன்றைக் காட்டி, “இப்ப இதுதான் சார் ஓடுது” என்றார். அது ஓடுவதுதான் என் பயம். பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு விரலால் தள்ளினேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரேக் பிடிக்கவில்லை, ஆனால் அம்மாக்காரி காபி வைத்துக்கொள்ள கைப்பிடியில் ஒரு வளையம் இருக்கிறது. யாருக்காகச் செய்த வண்டி இது? குழந்தைக்கா, காபிக்கா?

கடையின் பின்பக்கத்தில் தூசியோடு ஒன்று நின்றது. எஃகுச் சட்டம், நான்கு பெரிய சக்கரம், கீழே ஸ்பிரிங், குழந்தை நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். அதுதான் வண்டி.

நவம்பரில் வந்தபோது உங்கள் லிப்டின் கயிறு தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியதைச் செய்தேன். இப்போது எப்படி இருக்கிறது? அந்த முனகல் நின்றதா?

அன்புடன்,
அப்பா
(நகல் என்னிடம் உள்ளது.)


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். வாந்தி நின்றுவிட்டது, அதற்குப் பதிலாகக் கால் வீங்குகிறது. டாக்டர் சாதாரணம்தான் என்கிறார். உங்கள் ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறக்காமல் போடுங்கள், அம்மாவிடம் ஏமாற்றாதீர்கள்.

நாங்கள் பிராமைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். ஆறு கிலோதான். ஒரு கையால் மடக்கலாம், மடக்கினால் தோளில் மாட்டிக்கொள்ள வார் இருக்கிறது. வெளியே போகும்போது குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஒரு பை. துணி, பால் புட்டி எல்லாவற்றுக்கும் முதுகில் மாட்டும் பை ஒன்று. டாக்ஸியில் பொருத்தும் குழந்தை இருக்கையை அவருடைய சிநேகிதர் இரவல் தருகிறார். கடையில் எதைக் காட்டினாலும் எடை எவ்வளவு என்றே கேட்டேன். அந்தப் பெண் சலித்துப்போய் எடை மெஷினையே தூக்கி வந்துவிட்டாள்.

கண்ணாடிக் கடை வேலையிலிருந்து இந்த மாதத்தோடு நின்றுகொண்டேன். கொஞ்சம் ஓய்வு எடுக்கலாம் என்று.

லிப்ட் இப்போது முனகுவதே இல்லை அப்பா. கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்


பிப்ரவரி 28

அன்பு மகளுக்கு. இங்கே எல்லோரும் சுகம். கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்கிறாள் அம்மா.

பொருள்: ஆறு கிலோ பிராமை நிராகரிப்பது குறித்து.

ஆறு கிலோ என்கிறாய். என் டூல்பாக்ஸ் அதைவிடக் கனம். பிள்ளையைப் படுக்கவைக்கும் வண்டியைக் குடை போல மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு போவாளாம். நீ என்ன மலையா ஏறப் போகிறாய்? வாசலில் லிப்ட் இருக்கிறது. குழந்தையை வண்டியில் போட்டு நேராக உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தினால் கீழே தெரு. இதற்கு எதற்கு வார், எதற்கு நெஞ்சில் கட்டும் பை? படம் போட்ட அட்டையைக் காட்டி எவனோ உங்கள் இருவர் காதிலும் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறான்.

நல்ல வேலையை எதற்கு விட்டாய் என்றும் புரியவில்லை. ஆறு மாதம் வரை உன் அம்மா வேலைக்குப் போனாள்.

முனகல் நின்றது கேட்டுச் சந்தோஷம். சரியான ஆளுக்குச் சரியான முறையில் ஒரு கடிதம் போட்டால் காரியம் நடக்கும். யாரும் எழுதுவதில்லை, அதுதான் நாட்டில் கேடு.

அப்பா
(நகல் உள்ளது.)


மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் போட ஒரு மாதமாகிவிட்டது. கடிதப் பெட்டி கீழே இருக்கிறது. அவர் ஞாபகமாக எடுத்து வந்தால்தான் உண்டு.

நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. கடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு என் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான் இங்கே எப்படி வெளியே போகிறேன், எப்படித் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? தூக்கப் போவது நான். ஆறு கிலோவும் குழந்தையும் பையும் சேர்ந்தால் எவ்வளவு என்று அரிசிப் பையை வைத்துத் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தேன். பூச்சுற்றிக்கொண்டு வரவில்லை.

மூன்றாம் மாடி டீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பரில் உங்களுக்குத் தேநீர் கொடுத்தாரே. இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஏதோ எழுதத் தோன்றியது.

உங்கள் மகள்


ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு. சுகம்.

பொருள்: பிராம் அனுப்பப்பட்டது குறித்து.

வாதாடி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. அந்த எஃகு வண்டியையே வாங்கிவிட்டேன். பதினெட்டுக் கிலோ. சக்கரத்துக்கு நானே கிரீஸ் போட்டேன். பிரேக்கைப் போட்டுவிட்டுக் கடைக்காரரையும் அவருடைய தம்பியையும் சேர்ந்து தள்ளச் சொன்னேன். ஒரு இம்மி அசையவில்லை. கூடவே மழை உறை, கொசுவலை, கீழே சாமான் வைக்கக் கம்பிக் கூடை. காபி வளையம் கிடையாது.

பார்சல் ஆபீசில் கொடுத்தாயிற்று. வாசல்வரை கொண்டுவந்து தருவார்கள். அந்தக் குடையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. டீச்சருக்கு என்ன வந்தது? பிறத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டா வாழ முடியும்?

அப்பா
(நகலும் பார்சல் ரசீதும் உள்ளன.)


ஏப்ரல் 19

அப்பாவுக்கு,

நலம். தயவுசெய்து அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். ஒரு முறையாவது நான் சொல்வதைக் கேளுங்கள்.

மகள்


மே 5

மகளுக்கு.

பொருள்: லிப்ட் சீல் வைக்கப்பட்டது என்னிடம் மறைக்கப்பட்டது குறித்து.

பார்சல் ஆபீசிலிருந்து ரசீது திரும்பி வந்தது. அதில் வண்டிக்காரன் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: “ஆள் 5ம் மாடி. லிப்ட் சீல். மாடிப்படி அடியில் வைத்தேன்.”

படித்ததும் ரசீதோடு அடுப்படிக்குப் போனேன். உன் அம்மாவிடம் காட்டினேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “ஜனவரியிலேர்ந்து அப்படித்தான்” என்று கத்திச் சொன்னாள். ஜனவரி! நான்கு மாதமாக என் வீட்டுக்குள்ளேயே எனக்கெதிராக ஒரு கட்சி நடந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரியும், லிப்டிலேயே ஆயுசைக் கழித்த எனக்கு மட்டும் தெரியாது.

மாடிக்குப் பதினெட்டுப் படி. ஐந்து மாடிக்குத் தொண்ணூறு. வயிற்றில் பிள்ளையோடு தொண்ணூறு படி ஏறியிருக்கிறாய். முனகுவதே இல்லை என்று எழுதினாயே, நிற்கிற லிப்ட் எப்படி முனகும்? என்னைப் பெரிய முட்டாளாக்கிவிட்டாய்.

எந்த மடையன் சீல் வைத்தான்? வைத்தவன் நான்கு மாதமாக என்ன கிழித்துக்கொண்டிருக்கிறான்? கர்ப்பிணிப் பெண் இருக்கும் கட்டிடத்தில் லிப்டைப் பூட்டிவிட்டு உங்கள் சங்கச் செயலாளர் எப்படிச் சோறு தின்கிறார்? பெயரையும் தேதியையும் எழுது. அடுத்த தபாலிலேயே லிப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதி எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

அப்பா
(நகல் உள்ளது.)


மே 13

அப்பாவுக்கு,

ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டாம். ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

ஜனவரி பதினோராம் தேதி இரண்டு பேர் வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு லிப்டைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கீழே அறிவிப்புப் பலகையில் உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக்குள் வைத்து ஒட்டினார் செயலாளர். “பொருள்: பயணிகளின் உயிருக்கு ஆபத்தான லிப்ட் குறித்து.” கீழே உங்கள் கையெழுத்து, நகல் என்னிடம் உள்ளது, என் மகள் வசிப்பது ஐந்தாம் மாடியில் இந்த எண் வீடு. எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. டீச்சருக்கு மூட்டு வலி. நான்காம் மாடிக்காரர் இருதய நோயாளி. யாரும் என்னிடம் சண்டை போடவில்லை. படியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அது சண்டையைவிட மோசம்.

புதுக் கயிறு போடக் கூட்டம் கூட்டினால் செயலாளர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் வீடு தரைத்தளம். முதல் மாடிக்காரர்களும் அவர் பக்கம்.

பிப்ரவரியில் நான்காம் மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். அதனால்தான் வேலையை விட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குகிறேன். திரும்பி ஏற முக்கால் மணி நேரம். மாடிக்கு மாடி நான் உட்கார அவர் ஒரு மடக்கு ஸ்டூலைத் தூக்கி வருகிறார். பிரயாணச் சாமான்கள் என்னென்ன என்று எழுதினேனே, அந்த ஸ்டூலைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கயிறு தேய்ந்திருந்தது உண்மைதான். நீங்கள் சொன்னால் அதில் தவறிருக்காது. ஆனால் பத்து நாள் என் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, பேசிக்கொண்டிருந்தீர்கள். “இப்படி எழுதப் போறேம்மா” என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. பிராமையும் அப்படித்தான் வாங்கினீர்கள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். காது போன பிறகு நீங்கள் உலகத்தோடு பேச உங்களுக்கு இருப்பது கடிதம் ஒன்றுதான். அதையும் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னிக்காவிட்டாலும் சரி.

மகள்


ஜூன் 12

மகளுக்கு. மாப்பிள்ளை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆம், உன் ஊரில்தான் இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்தவன், நாங்கள் ‘கிரீஸ்’ என்று கூப்பிடுவோமே, அவன் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவனை உனக்குத் தெரியும், கல்யாணத்துக்கும் கையைக் கழுவாமல் வந்தவன். லிப்ட் வேலை செய்ய லைசென்ஸ் அவனிடம் இன்னும் இருக்கிறது.

பொருள்: லிப்ட் வேலை குறித்து. (வேறு எதைப் பற்றியும் எழுத இப்போது எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதி நான்கையும் கிழித்துப் போட்டேன்.)

உங்கள் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். புகாரை வாபஸ் வாங்கினால் பழைய கயிற்றிலேயே ஓட்ட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மெஷின் ரூமுக்கு ஏறிப் பழைய கயிற்றின் மேல் பஞ்சை வைத்து இழுத்து, அதைக் கொண்டுவந்து காட்டினேன். அறுந்த கம்பிகளில் பத்து இடத்தில் மாட்டிக் கிழிந்திருந்தது. அந்தக் கயிற்றில் ஜனவரி வரை நீ ஏறி இறங்கியிருக்கிறாய். அந்தப் புகாரை நான் செத்தாலும் வாபஸ் வாங்க மாட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பஞ்சைப் பார்த்துவிட்டு, “கீழ இருக்கிறவங்களுக்கு லிப்ட் எதுக்கு சார்?” என்றார்.

நான் சத்தம் போடவில்லை. மாடிப்படி அடியில் நம் பிராம் நின்றது. “எனக்கு வயசாயிடுச்சு, இதை எம் பொண்ணு வீட்டு வரைக்கும் ஏத்தணும், ஒரு பக்கம் பிடிங்க” என்று கேட்டேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க முடியாதென்று சொல்ல முடியுமா? பிடித்தார். இரண்டாம் மாடியில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மூன்றாம் மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

“இன்னும் முப்பத்தாறு படி இருக்கு. எந்திரிங்க, உள்ள குழந்தையும் இருக்கிறதா நெனச்சுக்கங்க” என்றேன்.

அவர் வாயைத் திறக்கும் முன்னே டீச்சர் என் காதுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “அந்தப் பொண்ணு வயித்துல வச்சுக்கிட்டே ஏறுச்சு சார். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” சொல்லிவிட்டு அவர் அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிராமைத் திரும்பக் கீழேயே இறக்கி வைத்தோம். அன்று சாயங்காலமே புதுக் கயிறு போடச் சம்மதித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கயிறு வந்துவிட்டது. கிரீஸும் நானும் வேலையை ஆரம்பித்துவிட்டோம். ஆய்வாளர் இருபத்தைந்தாம் தேதி வருகிறார்.

மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருப்பதால் தினமும் உன் கதவைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே நீ இருப்பது தெரியும். தட்டவில்லை. உன் வீட்டுக்கு லிப்டில்தான் வருவேன்.

அப்பா
(நகல் எடுக்க இங்கே கார்பன் தாள் இல்லை. ஊருக்குப் போய் நினைவிலிருந்து எழுதிக்கொள்வேன்.)


ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், உங்கள் பேத்தி நலம். அம்மா எங்களோடு இருப்பதால் நீங்கள் அங்கே என்ன சாப்பிடுகிறீர்களோ என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. லிப்டில்தான் வருவேன் என்று எழுதினீர்கள். குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷம் அவளைக் கையில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றீர்கள். லிப்ட் ஓடத் தொடங்கிய மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதற்கடுத்த நாள் நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வாசலில் நீங்கள் இருப்பீர்கள் என்று டாக்ஸியில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

நீங்கள் இல்லை. உங்கள் பிராம் நின்றது. சக்கரம் பளபளவென்று துடைத்து, கொசுவலை கட்டி, பிரேக் போட்டு நிறுத்தியிருந்தீர்கள். குழந்தையை அதில் படுக்கவைத்தோம். உண்மையைச் சொல்கிறேன், ராணி மாதிரி படுத்திருந்தாள். செயலாளரே முன்வந்து லிப்ட் கதவைத் திறந்தார். அவர் தள்ளினார்.

போகவில்லை அப்பா. லிப்ட் கதவைவிட உங்கள் வண்டி இரண்டு விரல் அகலம்.

நேராகத் தள்ளினார்கள், திருப்பித் தள்ளினார்கள், முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். டீச்சர் இறங்கி வந்து ஸ்கேல் வைத்து அளந்தார். நாற்பது வருஷ சர்வீஸ் என்று உங்கள் மாப்பிள்ளை ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தையல் பிரிந்துவிடும் என்று அம்மா திட்டத் திட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு இந்தக் கட்டிடத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பிறகு நெஞ்சோடு கட்டும் பையில் அவளைக் கட்டிக்கொண்டு மேலே வந்தேன். லிப்டுக்குள் நீங்கள் மாட்டிய அட்டையைப் பார்த்தேன். கயிறு மாற்றியவர்தான் முதலில் தனியாக ஏறி இறங்கி அட்டையில் பெயர் எழுத வேண்டும் என்பது உங்கள் தொழில் வழக்கம் என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறீர்கள். பெயர் எழுதும் இடத்தில் “ஐந்தாம் மாடிக்காரியின் அப்பா” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு ஐந்தாம் மாடி வந்த பிறகும் இறங்காமல் நின்றேன்.

இப்போது உங்கள் வண்டி கீழே, என் வண்டி மேலே. தெருவுக்குப் போக உங்களுடையதுதான். மேடு பள்ளம் தெரியாமல் தூங்குகிறாள்.

ஏன் போனீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 9

கண்ணு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். சுகமாக இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, எரிந்து விழக்கூட ஆள் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டேப்பை எடுத்து என் வீட்டுக் கதவுகளை எல்லாம் அளந்துகொண்டிருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. என் ஆயுசில் ஆயிரம் லிப்ட் கதவுகளை அளந்திருப்பேன். பிராம் வாங்கும் முன் உன் லிப்ட் கதவு எத்தனை அங்குலம் என்று உன்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி எல்லாமே அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். வாசலில் நின்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று சொல்ல வேண்டும். கயிறு விஷயத்தில் நான் எழுதியது சரி, இப்போதும் சரி. உன்னிடம் கேட்காமல் எழுதியது தப்பு. நான்காம் மாடித் திருப்பத்தை ஒவ்வொரு நாளும் தாண்டினேன். எந்தப் படி என்று தெரியாததால் எல்லாப் படியிலும் நின்று நின்று ஏறினேன்.

இப்போதாவது கேட்கிறேன். கால் வீக்கம் வடிந்ததா? கண்ணாடிக் கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா? உனக்குத் தூக்கம் வருகிறதா? அவள் கொட்டாவி விடும்போது உன்னைப் போலவே ஒரு கண்ணை மட்டும் மூடுகிறாள், அதை நீ பார்த்தாயா? அடுத்த மாதம் முதல் வாரம் நான் வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. உன்னிடம் இருப்பது ஒன்றுதான்.

அப்பா